ஏறிப் பார்த்த வீடுகள்

ஆகஸ்ட் 18

சிமெண்ட் கடைக்காரர் கொடுத்த டைரி எட்டு மாதமாக பீரோ மேல் சும்மா கிடந்தது. இன்று தூசி தட்டி எழுத ஆரம்பிக்கிறேன். ஆபீசுக்கு எழுதும் நாட்குறிப்பு தனி. எங்கே போனேன், எதை ஆய்வு செய்தேன் என்று தினமும் எழுதி, மாதம் பிறந்ததும் ஒன்றிய அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். யாரும் படிப்பதில்லை. கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்துவிடுவார்கள். இருபத்தொன்பது வருட ஓவர்சியர் வேலையில் நான் எழுதிக் கொடுத்ததை அடுக்கினால் ஒரு சின்ன வீட்டுக்கு அஸ்திவாரமே போடலாம்.

சல்லிக்குளத்தில் இன்று வேலை தொடங்கியது. போன புயலில் கூரை பறிகொடுத்த முப்பத்தோரு வீடுகளுக்கு அரசாங்கத் தகரக் கூரை. எல்லாம் உப்பளத்துக் கூலிக் குடும்பங்கள். இந்தத் தடவை விதிகள் கடுமை. வேலை தொடங்கும் முன்பே அனுமதிப் படிவம். குறுக்குப் பைப் மூன்றடிக்கு ஒன்று. தகரம் சுவரைத் தாண்டி ஒன்றரை அடிக்கு மேல் நீளக் கூடாது, நீண்டால் காற்று அடியில் புகுந்து தூக்கிவிடும். ஓரங்களில் ஒன்றுவிட்ட மடிப்புக்கு ஒரு கொக்கி போல்ட், முன்சரிவானாலும் பின்சரிவானாலும். கூரையோடு சேர்த்துச் சார்ப்பு இறக்கக் கூடாது. கடைசியில் ‘கூரை மீது ஏறி ஆய்வு செய்யப்பட்டது’ என்ற கட்டத்தில் ஓவர்சியர் கையெழுத்து. அது விழுந்தால்தான் வாசற்கதவில் ‘புயல் தாங்கும் வீடு’ என்று ஸ்டிக்கர் ஒட்டுவார்கள்.

“கட்டத்துல டிக் அடிச்சா போதும்னு நினைக்காதீங்க, ஏறிப் பாக்கணும்” என்று உதவிப் பொறியாளர் ஹேமலதா கூட்டத்தில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “பக்கிரிசாமி சாருக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. சார் முகட்டுமேலயே நடப்பாருன்னு கேள்விப்பட்டிருக்கேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 21

காலையில் கட்டிலை விட்டு எழுந்ததும் அறை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். பித்தம்தான். லோகாம்பாள் சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னாங்க, சுவரு விழுந்துடாம தாங்கிட்டு நிக்கிறீங்களா?” என்றாள். முப்பது வருடம் என்னோடு குடித்தனம் செய்ததில் அவளுக்கு வந்த வாய் இது. இஞ்சிச் சாறு கொடுத்தாள். குடித்தேன். சரியாகிவிடும்.

ஆகஸ்ட் 29

முதல் நான்கு வீடுகள் முடிந்துவிட்டன என்று தகர மேஸ்திரி வைரக்கண்ணு போன் பண்ணினான். போய்ப் பார்த்தேன். நல்ல வெயில். தகரத்தில் பட்டு வந்த ஒளி கண்ணைக் குத்தியது. அப்படிப்பட்ட வெளிச்சத்தில் மேலே ஏறி நின்றால் எதுவும் சரியாகத் தெரியாது. என் போனை வைரக்கண்ணுவிடம் கொடுத்து, முன்சரிவு, பின்சரிவு இரண்டையும் படம் எடுத்து வரச் சொன்னேன். குரங்கு மாதிரி ஏறினான், எடுத்தான், இறங்கினான். நிழலில் நின்று ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். போல்ட் கணக்கு சரி. உண்மையில் இதுதான் நல்ல முறை. படம் என்றால் சாட்சி இருக்கிறது.

செப்டம்பர் 3

ஆபீஸ் நாட்குறிப்பில் எழுதியது: ‘சல்லிக்குளம். நான்கு வீடுகள். கூரை மீது ஏறி ஆய்வு செய்யப்பட்டது. திருப்தி.’

செப்டம்பர் 12

இன்று அமிர்தலிங்கம் வீடு. ஊரின் கடைசி வீடு. பின்னால் உப்பளம், அதற்குப் பின்னால் கடல், நடுவில் ஒரு மரம்கூடக் கிடையாது. காற்றுக்கு முதல் வீடு இதுதான் என்று சொல்ல வேண்டும்.

அமிர்தலிங்கத்துக்கு நாற்பது வயதிருக்கும். உப்பு வாரி வாரிப் பாதமெல்லாம் வெடித்திருக்கிறது. அதிகம் பேசமாட்டான். பேச்சுக்கு அவன் மனைவி செந்தாமரை இருக்கிறாள். போன புயலிலிருந்து இதுவரை நாலு தரம் தார்ப்பாய் மாற்றிய கதையை மூச்சுவிடாமல் சொன்னாள். மகள் தமிழ்நிலா பத்தாம் வகுப்பு. மழை வந்தால் புத்தகங்களை அரிசிப் பானைக்குள் வைத்துக் காப்பாற்றுகிறாளாம்.

ஏணி சுவரில் சாத்தியிருந்தது. முதல் படியில் கால் வைத்தேன். இன்று வெயில் இல்லை, மேகம்தான். அதனால் வெயிலைக் காரணம் சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். அமிர்தலிங்கம் பக்கத்தில் வந்து, “நீங்க உக்காருங்க சார். படியெல்லாம் ஆடுது. வைரக்கண்ணு படம் புடிச்சாந்துருவாரு” என்றான். நல்ல ஏணிதான், ஆடவெல்லாம் இல்லை. இருந்தாலும் அவன் சொன்னது வசதியாக இருந்தது. டீ குடித்தேன்.

படம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். ஸ்டிக்கர் ஒட்டியதும் செந்தாமரை அதன் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி நடுவில் குங்குமம் வைத்தாள். “இனிமே எந்தக் காத்தும் எங்கள ஒண்ணும் பண்ணாது இல்ல சார்?” என்று கேட்டாள். “பண்ணாது” என்றேன்.

செப்டம்பர் 25

லோகாம்பாள் விடவில்லை. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் இழுத்துப் போனாள். சின்ன வயசு டாக்டர். தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, காதுக்குள் ஏதோ கோளாறு, உயரமான இடம் எதிலும் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார். ஓவர்சியரிடம் ஏணி ஏறாதே என்பது வண்ணானிடம் தண்ணீரைத் தொடாதே என்பது மாதிரி.

“ஆபீசுல சொல்லிடுங்க. மேசை வேலை குடுப்பாங்க” என்றாள் லோகாம்பாள். சொல்லலாம். எங்கள் ஆபீசில் முதுகு போனவர் ஒருவரைப் பழைய கோப்பு அறைக்கு மாற்றினார்கள். டீ வாங்கும்போது அவரை எண்ணிக்கையில் சேர்க்க மறந்துவிடுவார்கள். நான் அப்படி ஆக மாட்டேன். இன்னும் பத்து வீடுதான் பாக்கி. முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 20

முப்பத்தோரு வீடும் முடிந்தன. மாவட்டத்திலேயே நாங்கள்தான் முதல் என்று கூட்டத்தில் சொன்னார்கள். ஹேமலதா எனக்குச் சால்வை போட்டார். வெளியே வந்து தெரிந்தவர்கள் நாலு பேருக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் தலை சுற்றியது. இனிப்பு ஒத்துக்கொள்ளவில்லை போலும்.

நவம்பர் 2

மழைக்கு வெளியே போகவில்லை. போன் நிறைந்துவிட்டது என்று லோகாம்பாளிடம் கொடுத்து வேண்டாத படங்களை அழிக்கச் சொன்னேன். கூரைப் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவள் திடீரென்று சிரித்தாள்.

“என்னாங்க இது, உங்க ஊரு காக்காவுக்குக்கூட அரசாங்க அளவு தெரியுமா? மூணு வீட்டுலயும் அதே எடத்துல எச்சம் போட்ருக்கு.”

வாங்கிப் பார்த்தேன். பதினாறாம் எண் வீடு, இருபத்திரண்டு, முப்பத்தொன்று. மூன்றின் பின்சரிவுப் படத்திலும் மூன்றாவது போல்ட் பக்கத்தில் ஒரே வெள்ளைக் கறை, ஒரே வால் நீண்டு. மூன்றும் ஒரே கூரையின் படம். வேறொரு வீட்டில் எடுத்த ஒரே படத்தைத்தான் வைரக்கண்ணு மூன்று தடவை காட்டியிருக்கிறான். முப்பத்தொன்று அமிர்தலிங்கம் வீடு.

லோகாம்பாள் அதற்குமேல் சிரிக்கவில்லை. “நீங்க ஏறிப் பாத்தீங்கல்ல?” என்று கேட்டாள். குடையை எடுத்துக்கொண்டு வெற்றிலை வாங்கி வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். நான் வெற்றிலை போடுவதில்லை.

நவம்பர் 3

வைரக்கண்ணுவைப் பிடித்துவிட்டேன். முதலில் மழுப்பினான். படத்தைக் காட்டியதும் தலையைச் சொறிந்தான்.

“போல்ட் தீந்துபோச்சு சார். மழை வேற வரப்போவுதுன்னு, அந்த மூணு வூட்டுக்கும் பின்பக்கம் மட்டும் ரெண்டு மூலையில புடிச்சு வுட்டேன். சரக்கு வந்ததும் போட்ரலாம்னு நெனச்சேன், மறந்துட்டேன்.”

“மறந்துட்டியா? ஆனா ஒரு படத்த மூணு வூட்டுக்கும் காட்ட மட்டும் ஞாபகம் இருந்துச்சா?”

“நீங்க மேல வந்துருந்தா அன்னிக்கே போட்ருப்பேன் சார். நீங்கதான் வரலியே. ஒரு அசட்டை வந்துருச்சு.”

வாய் நீளம் அவனுக்கு. அறைந்திருப்பேன். அறையவில்லை. மற்ற இருபத்தெட்டும் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். “இருக்கும் சார்” என்றான். இருக்கும் என்று சொன்னானே தவிர, இருக்கிறது என்று சொல்லவில்லை. மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

தீபாவளி முடிந்ததும் சத்தமில்லாமல் மூன்றையும் சரிசெய்து தர வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

நவம்பர் 10

பதினாறும் இருபத்திரண்டும் முடிந்தன. அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் கேள்வி கேட்கிற ஆட்கள், அதனால் முதலில் அவற்றை எடுத்தோம். சும்மா ஒரு மறு ஆய்வு என்று சொல்லிச் சமாளித்தேன். அமிர்தலிங்கம் எதுவும் கேட்கமாட்டான், அவனுடையதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். மத்தியானத்திலிருந்து மழை.

நவம்பர் 13

மழை. வைரக்கண்ணு வரவில்லை.

நவம்பர் 15

வைரக்கண்ணு கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டான். போன் எடுக்கவில்லை. வேறு ஆளைக் கூப்பிட்டால் ஏன், எதற்கு என்று ஊரெல்லாம் தெரியும்.

நவம்பர் 17

காலையில் மழை விட்டிருந்தது. பை நிறையக் கொக்கி போல்ட்டும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு நானே போனேன். அமிர்தலிங்கம் குடும்பத்தோடு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தான். அது எனக்கு முன்பே தெரியும், அதனால்தான் இன்று போனேன். இந்த டைரியில்கூடப் பொய் எழுத ஆரம்பித்தால் பிறகு எங்கேதான் எழுதுவது.

வீட்டின் பின்னால் புதிதாக ஒரு சார்ப்பு இறக்கியிருக்கிறார்கள். நாலு மூங்கில், தென்னங்கீற்று, அடியில் இரண்டு அடுப்பு. கூரைப் பைப்பில் கயிற்றால் கட்டியிருக்கிறது. விதிப்படி கூடாதுதான். ஆனால் சல்லிக்குளத்தில் சார்ப்பு இறக்காத வீடு ஒன்றும் கிடையாது. ஒரே அறை வீட்டில் அவர்கள் எங்கே சமைப்பார்கள்?

ஏணியைச் சாத்தி ஏறினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாம் படியில் உப்பளம் முழுவதும் ஒரு தட்டு மாதிரிச் சுழன்றது. கண்ணை மூடினால் இன்னும் மோசம். எவ்வளவு நேரம் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. இறங்குவதற்கு மூன்று படிதான். அதற்கே அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தேழு வயது ஆள், பட்டப்பகலில், ஆளில்லாத வீட்டின் பின்னால்.

போல்ட் பையை அப்படியே திருப்பி எடுத்து வந்துவிட்டேன்.

நவம்பர் 20

வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். நாளை மறுநாள் பகலில் எங்கள் பக்கம் கரையைக் கடக்கும் என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் தங்கவைக்க யார் யாரை அழைத்துவர வேண்டும் என்று கிராம நிர்வாக அலுவலர் பட்டியல் கேட்டார். மேலிடத்து உத்தரவின்படி ‘புயல் தாங்கும் வீடு’ ஸ்டிக்கர் உள்ள வீடுகளை அதில் சேர்க்கத் தேவையில்லை, பள்ளிக்கூடத்தில் இடம் போதாது. அந்தப் பட்டியலை எழுதித் தர வேண்டியது நான்.

குடிசைகள், ஓட்டு வீடுகள் எல்லாம் எழுதினேன். கடைசியில் அமிர்தலிங்கம் பெயரை எழுதினேன். “இது ஸ்டிக்கர் வீடாச்சே சார், ஏதாவது பிரச்சனையா?” என்றார் அலுவலர். “இல்ல, ஞாபகமறதி” என்று சொல்லி அடித்துவிட்டேன்.

நவம்பர் 21

மனசு கேட்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு சல்லிக்குளம் போனேன். காற்று ஆரம்பித்திருந்தது. அமிர்தலிங்கம் உப்பு மூட்டைகளை வீட்டுக்குள் நகர்த்திக்கொண்டிருந்தான்.

“எதுக்கும் இன்னிக்குச் சாயங்காலமே பள்ளிக்கூடத்துக்குப் போயிடுப்பா.”

“எங்கள அங்க சேக்கலியே சார். குடிசைக்காரங்களுக்கே எடம் பத்தாதாம்.”

“நான் சொல்லிக்கிறேன், நீ போ.”

“நம்ம வூட்டுக்கு என்னா சார் ஆவப்போவுது? நீங்க பாத்துக் கையெழுத்துப் போட்ட வூடு. அக்கம்பக்கத்துல ரெண்டு குடும்பத்தயே நான் இஞ்ச வந்து தங்கிக்கச் சொல்லிருக்கேன்.”

செந்தாமரை கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். வாய்வரை வந்தது. பின்சரிவில் போல்ட் இல்லை என்று மூன்றே வார்த்தை. அந்த மூன்று வார்த்தைக்கு அடுத்த கேள்வி, அப்ப நீங்க என்னா பாத்தீங்க என்பது.

“ஜாக்கிரதையா இரு” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 22

பகல் பதினொன்றுக்கு ஆரம்பித்தது. எங்கள் வீட்டு முருங்கை, கொய்யா, தண்ணீர்த் தொட்டி எல்லாம் போய்விட்டன. போன் வேலை செய்யவில்லை. லோகாம்பாள் சாமி விளக்கைக் கூடையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நவம்பர் 23

அமிர்தலிங்கம் போய்விட்டான்.

நவம்பர் 24

நேற்று ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. பின்சரிவு மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. காற்று உள்ளே புகுந்ததும் முகட்டைத் தாங்கிய முக்கோணச் சுவர் உள்பக்கம் விழுந்தது. மனைவியையும் மகளையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அவன் நுழைவதற்குள் விழுந்துவிட்டதாம். நல்லவேளை, அவன் தங்கக் கூப்பிட்டிருந்த இரண்டு குடும்பங்களும் வரவில்லை. பதினாறிலும் இருபத்திரண்டிலும் ஒரு தகரம்கூட அசையவில்லை.

தெருவோரம் அவனைக் கிடத்தியிருந்தார்கள். நான் மாலை போட்டேன். செந்தாமரைக்கு என்னை அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. கூட்டத்தை விட்டு விலகி உப்பளம் வரைக்கும் நடந்தேன். பாத்தியில் ஒரு தகரம் பாதி அமிழ்ந்து கிடந்தது. ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். நீளம் முழுக்க ஒரு துளைகூட இல்லை. அந்த ஓரம் சேற்றில் புதையும்படி திருப்பிப் போட்டுவிட்டு வந்தேன்.

நான் கொன்றேன் என்று எழுதிப் பார்த்தேன். எழுதினால் பெரிய வார்த்தையாக இருக்கிறது. ஆனால் வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

டிசம்பர் 4

விசாரணைக்கு ஹேமலதா வந்தார். படம், படிவம், கையெழுத்து எல்லாம் சரியாக இருப்பதைப் பார்த்து அவருக்கு நிம்மதி. வீட்டின் பின்னால் போய் உடைந்த மூங்கிலைக் காட்டினார்.

“சார்ப்பு இறக்கியிருக்காங்க பாருங்க சார், அனுமதி இல்லாம. கூரையோட கட்டியிருக்கு. காத்து இதுல புகுந்து கூரையத் தூக்கிடுச்சு. வேற என்ன காரணம் இருக்க முடியும்?”

அறிக்கையைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார்கள். ‘பயனாளி விதிமுறைகளுக்கு மாறாகச் சார்ப்பு அமைத்ததே கூரை பெயர்ந்ததற்குக் காரணம்.’ நேரில் ஆய்வு செய்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து வேண்டும். போட்டேன். எப்போதும் போல அழகாகவே விழுந்தது. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

டிசம்பர் 19

டீக்கடையில் காதில் விழுந்தது. சார்ப்புக்குச் செந்தாமரைதான் ஆசைப்பட்டாளாம். வீட்டுக்குள் புகை அடிக்கிறது, வெளியே அடுப்பு வேண்டும் என்று அவனை நச்சரித்தாளாம். அமிர்தலிங்கத்தின் அம்மா பதினாறாம் நாள் காரியத்தில் எல்லோர் முன்னாலும், “நீ கேட்ட சார்ப்புதாண்டி எம்புள்ளயக் கொண்டு போச்சு” என்றாளாம். மகளும் அம்மாவோடு பேசுவதில்லையாம். அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறதே என்றார் ஒருவர். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 3

தூக்கம் இல்லை. முந்தாநாள் லோகாம்பாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. “அன்னிக்கு மழையில வெத்தலை வாங்கப் போனப்பவே எனக்குத் தெரியும்” என்றாள். பிறகு இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

ஜனவரி 11

செந்தாமரை வீட்டுக்கு வந்தாள். தனியாக, நடந்தே வந்திருக்கிறாள். ஆறு கிலோமீட்டர். லோகாம்பாள் கொடுத்த தண்ணீரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன் சார். நான் கேட்ட சார்ப்பாலதான் கூரை போச்சுன்னு எழுதியிருக்காங்களாம். அது நெசமா?”

அறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது என்றேன்.

“அறிக்கையக் கேக்கல சார். உங்களக் கேக்குறேன். எம்மவ என் கையால சோறு வாங்கித் திங்க மாட்டேங்குறா. நெசமா இருந்தா நான் ஏத்துக்கிறேன். கேட்டேன், இல்லன்னு சொல்லல. நெசமா?”

“நான் அன்னிக்குக் கூரைமேல ஏறலம்மா” என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அவள் அதிர்ச்சி அடைவாள் என்று எதிர்பார்த்தேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

“தெரியும். நான்தான் பாத்துட்டு நின்னேனே. நீங்க ஏணியில கால வச்சதும் உங்க மொகம் வெளுத்துப்போச்சு. அன்னிக்கே அவருகிட்ட சொன்னேன், சாரு ஏறாம கையெழுத்துப் போடுறாரு, ஒரு வார்த்தை கேளுன்னு. அவரு என்னா சொன்னாரு தெரியுமா? ‘பெரியவரு, ஒடம்பு முடியல போல. நாலு பேரு முன்னாடி கேட்டா அவருக்கு அவமானமாப் போயிடும், வுடு’ன்னாரு. அதுக்குத்தான் ஏணி ஆடுதுன்னு சொன்னாரு. புது ஏணி சார் அது.”

தண்ணீரைக் குடிக்காமலேயே கீழே வைத்தாள்.

“உங்க மானத்த அவரு காப்பாத்துனாரு. இப்ப அவரு இல்ல. எம்மானத்த யாரு சார் காப்பாத்துறது?”

அவள் போனபிறகு எழுதுகிறேன். ஏறவில்லை என்பதைச் சொல்லிவிட்டேன். எனக்கு முன்பே தெரியும் என்பதைச் சொல்லவில்லை. நவம்பர் இரண்டாம் தேதியைச் சொல்லவில்லை. இருபது நாள் கையில் இருந்தது.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். எங்கள் வீட்டில் பொங்கல் வைக்கவில்லை. லோகாம்பாள் வேண்டாம் என்றாள். காகிதம் எடுத்து உட்கார்ந்தேன். நாலு பக்கம் எழுதியும் காரணங்கள்தான் வந்தன. காதுக் கோளாறு, மழை, வைரக்கண்ணு. கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். எட்டு வரியில் முடிந்துவிட்டது.

ஜனவரி 20

ஒன்றிய அலுவலகத்தில் ஹேமலதாவிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“இதால யாருக்கு என்ன லாபம் சார்? உங்களுக்கு வேலை போகும், கேஸ் வரும். எனக்கு மெமோ வரும். போனவர் திரும்பி வரப் போறாரா? இதை நீங்க கொடுக்கவும் இல்ல, நான் வாங்கவும் இல்ல.”

கெட்ட பெண் இல்லை. பயந்த பெண். அந்தப் பயம் எனக்குத் தெரியும். காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். இருபத்தாறாம் தேதி சல்லிக்குளத்தில் கிராம சபை. அங்கே பேசுவதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஜனவரி 25

லோகாம்பாள் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறாள். “நானும் வரேன்” என்றாள். வேண்டாம் என்றேன். “உங்களுக்காக வரல. அந்தப் பொண்ணு தனியா உக்காந்திருப்பா” என்றாள்.

ஜனவரி 26

கிராம சபை பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, குடிதண்ணீர்க் குழாய், தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்தார்கள். தலைவர், வேறு யாராவது பேச வேண்டுமா என்று கேட்டதும் எழுந்தேன். ஏதோ வாழ்த்துச் சொல்லப்போகிறேன் என்று நினைத்து இரண்டு பேர் கை தட்டினார்கள்.

காகிதத்தை எடுக்கவில்லை. எட்டு வரியும் மனப்பாடம். அமிர்தலிங்கம் வீட்டுக் கூரை சார்ப்பால் போகவில்லை என்றேன். பின்சரிவில் மூலைக்கு ஒன்று தவிர போல்ட்டே கிடையாது. கூரைமீது ஏறிப் பார்த்ததாக நான் போட்ட கையெழுத்து பொய். போல்ட் இல்லை என்பது நவம்பர் இரண்டாம் தேதியே எனக்குத் தெரியும். புயலுக்கு முதல்நாள் அந்த வீட்டு வாசல்வரை போயும் சொல்லவில்லை. விசாரணை அறிக்கையில் செந்தாமரைமேல் பழி வரும்படி நான் போட்டதும் பொய்க் கையெழுத்து. இதையெல்லாம் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள் என்றேன். ஊராட்சி செயலர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தலைவரைப் பார்த்தார். “எழுதுங்க” என்றார் தலைவர்.

செந்தாமரை நான் பேசியது முழுவதும் தலை நிமிர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நவம்பர் இரண்டு என்று சொன்னபோதுதான் அவள் முகம் மாறியது. அது அவளுக்குப் புதிது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். கொஞ்சம் தள்ளி, தன் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழ்நிலா எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் எழுந்து மைதானத்தை விட்டுப் போனார்கள். என் பக்கம் அவர்கள் திரும்பவில்லை. லோகாம்பாளும் அவர்கள் பின்னால் போனாள்.

யாராவது அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு இரண்டாவது வரிசையில் நாலாம் எண் வீட்டுக்காரர் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

“அப்ப எங்க வூட்டுமேல ஏறிப் பாத்தீங்களா சார்?”

“இல்லைங்க” என்றேன்.

அவர் உட்கார்ந்தார். பக்கத்தில், கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் எழுந்தாள். “எங்க வூடு? ஒன்பதாம் நம்பரு?”

“இல்லைம்மா.”

அவளுக்குப் பின்னால் இன்னொருவர் எழுந்து நின்றார். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதிலாக, எந்த வீட்டிலும் ஏறவில்லை என்று நான் சொல்லிவிட்டேன். அது அவர்களுக்குப் போதவில்லை. தன் வீட்டு எண்ணைத் தன் வாயால் சொல்லி, அதற்கான பதிலை என் வாயால் கேட்க வேண்டும் என்று வரிசையாக எழுந்தார்கள். முப்பது பேருக்கும் தனித்தனியாகச் சொன்னேன்.